ஹாலிஸ் பிடித்து வைத்த பாட்டு

வெர்லீன் ஸ்டாடர்டுக்கு உட்காரவே தெரியாது. நாஷ்வில்லில் ஓர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றபடி படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவாள். வீட்டுக்கு வந்தாலும் நின்றுகொண்டேதான் பாட்டு எழுதுவாள். நான் எதிர்வீட்டு எல்மோர், ஸ்டுடியோக்களில் கிட்டார் வாசிப்பவன். பாடகர்களுக்குப் போட்டுக் காட்டும் மாதிரி டேப்பில் அவள் பாட்டுக்கெல்லாம் வாசித்துக் கொடுத்தது நான்தான். அதனால் அவளைத் திட்டும் உரிமையும் எனக்கு உண்டு என்று வைத்துக்கொண்டேன்.

கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரி. பத்து வயதிலிருந்து அவளுக்கு ஒரே பாடகர்தான், ஹாலிஸ் ட்ரெட்வே. மற்றவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் மூக்கைச் சுளிப்பாள். புருஷன் சுரங்கத்தில் செத்த பிறகு ஒரு பாட்டு எழுதினாள். அதில், கதவைச் சாத்தாமல் வெளியே போய்விட்டான் என்று ஒருத்தி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறாள். அவன் உயிரோடு இல்லை என்பது கடைசிச் சரணத்தில்தான் தெரியும்.

1966 மார்ச்சில் ஹாலிஸ் அதைக் கேட்டார். "இது எனக்கு. பிடிச்சு வை," என்றார். எங்கள் தொழிலில் அந்த ஒரு வார்த்தை போதும். காகிதம் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அதன்பின் அவர் பாடும்வரை, அல்லது வேண்டாமென்று விடும்வரை, எழுதியவர் அந்தப் பாட்டை வேறு யாரிடமும் முணுமுணுக்கக்கூடக் கூடாது. மீறினால் அப்புறம் எந்த ஸ்டுடியோவிலும் கதவு திறக்காது.

பதிமூன்று மாதம் ஓடியது. ஹாலிஸின் இசைத்தட்டுகள் இரண்டு வந்தன, இரண்டிலும் அவள் பாட்டு இல்லை. வெர்லீன் இருப்புக்கொள்ளாமல் தவித்தாள். போன் மணி அடித்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள்.

"நேர்ல போய்க் கேட்டுத் தொலையேன்டி!"

"வேணாம்னு சொல்லிட்டார்னா?"

"சொன்னா சனியன் விட்டதுன்னு வேற ஆளுக்குக் குடு."

"போடா, உனக்கு என்ன தெரியும்."

ஏப்ரலில் ஒரு காலை, ஹாலிஸுக்கு முன்பே அந்த டேப்பைக் கேட்டிருந்த தயாரிப்பாளர் ஒருவர் போன் செய்தார். லூரீன் பேட்ஸ் என்ற புதுப் பாடகிக்கு மதியம் இரண்டு மணிக்கு ஒலிப்பதிவு, ஒரு பாட்டு குறைகிறது, ஹாலிஸ் விட்டுக்கொடுத்தால் உன் பாட்டுதான் என்றார். வெர்லீன் செருப்பை மாட்டாமலே என் காரில் ஏறிவிட்டாள்.

ஹாலிஸ் வீட்டுப் பின்வாசல் வலைக்கதவருகே போனதும் நின்றுவிட்டோம். உள்ளே அவர் தட்டு கழுவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார். அவள் பாட்டு! கடைசிச் சரணம் வந்ததும் குரல் நின்றது, தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

எங்களைப் பார்த்ததும் வெட்கப்பட்டுக் கையைத் துடைத்தார். "மூணு தடவ ஸ்டுடியோல நின்னேம்மா. கடைசிச் சரணம் வாயில வரல. என் வீட்டுக்காரி கண்ண மூடினதிலிருந்து இதத்தான் பாடிட்டிருக்கேன்."

"அப்பவே விட்டிருக்கலாமே சார். பதிமூணு மாசம்!"

"விட்டா வேற யாராச்சும் பாடுவாங்க. கடைக்குப் போனா அங்க கேக்கும், கார்ல ஏறினா அங்க கேக்கும். என்னால தாங்க முடியாதும்மா. இந்த வீட்டோட இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இவர் அழ இவளா பட்டினி கிடப்பாள்? வாயைத் திறக்கப் போனேன், வெர்லீன் முந்திக்கொண்டாள்.

"அந்தப் பாட்டுல இருக்கறது என் புருஷன் சார்."

ஹாலிஸ் போய்க் குழாயை மூடினார். பிறகு, "எடுத்துட்டுப் போம்மா," என்றார்.

லூரீன் இரண்டே தடவையில் பாடி முடித்தாள். நன்றாகவே பாடினாள், பொய் சொல்லக்கூடாது. அந்தக் கோடையில் பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக்கடை, முடிதிருத்தும் கடை எல்லா இடத்திலும் அதுதான். வெர்லீன் சலவைக்கூட வேலையை விட்டாள். அதற்குப் பிறகும் நிறைய எழுதினாள், சிலது ஓடியது, பலது ஓடவில்லை.

அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தால் மட்டும் போய் நிறுத்திவிடுவாள். எனக்குக் கோபம் வரும். "உன் பாட்டுடி! அதுக்காக எவ்வளவு அலைஞ்ச! ஒரு தடவ முழுசாக் கேளேன்."

"இப்ப ஹாலிஸ் சார் வீட்லயும் இது கேட்டுட்டிருக்கும்ல," என்பாள்.