திரும்பிப் போய்விடும் மெயில்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலம். மூன்று கம்ப்யூட்டர், ஒரே டெலிபோன் லைன். ஒருவர் நெட்டில் உட்கார்ந்தால் மற்றவர்கள் கம்ப்யூட்டரில் சீட்டாடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

சும்மா உட்கார்ந்து லைனைப் பிடித்துக்கொள்பவர்களைக் கிளப்ப ஒரு வித்தை வைத்திருந்தேன். அதே லைனில் இருந்த உள்ளறை டெலிபோனின் ரிசீவரைச் சத்தமில்லாமல் தூக்குவேன், நெட் அறுந்துவிடும். "லைன் போயிடுச்சுங்க" என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வேன். எனக்குக் கோபம் வந்தால் பாவமாவது, புண்ணியமாவது!

ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயி ஒருவர் பத்து நாளாக வந்துகொண்டிருந்தார். துபாய்க்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து ஒரு மாதமாகத் தகவல் இல்லை. மெயிலைத் திறந்து கொடுத்தால் மவுஸைத் தொடமாட்டார். மணிக்கணக்கில் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் கரியாலூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி, மலை பஸ் கிளம்புவதற்குள் ஹால் டிக்கெட் எடுக்க வேண்டுமென்று தவித்தாள். லைனில் இருந்த விவசாயியிடம் மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். "இரும்மா, வந்துடும்" என்றார். போய் ரிசீவரைத் தூக்கிவிட்டேன்.

"ஐயோ, இப்ப வந்தா திரும்பிப் போயிடுமேம்மா!"

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. போன வருஷம் மகன் அனுப்பிய ரிஜிஸ்தர் தபால், வீட்டில் எல்லோரும் கழனிக்குப் போயிருந்த நேரம் வந்து, கதவு பூட்டியிருக்கிறதென்று திரும்பிப் போய்விட்டதாம். மெயிலும் அப்படித்தான் என்று நினைத்துக் காவல் இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதெல்லாம் போகாது என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை.

ஹால் டிக்கெட் கைக்கு வந்ததும் அந்தப் பெண் பஸ்ஸுக்கு ஓடினாள். நான் அவசரமாக அவருடைய மெயிலைத் திறந்தேன். மேலே புதிதாக ஒன்று. அவர் லைனில் இல்லாத அந்த அரை மணியில்தான் வந்திருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். நான்தான் படித்துக் காட்டினேன்.

"கேம்ப் மாத்திட்டாங்கப்பா. இங்க போன் இல்ல. நல்லா இருக்கேன்."

இரண்டாம் தரமும் படிக்கச் சொன்னார். அவரைவிட எனக்குத்தான் அப்பாடா என்றிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டவர் திடீரென்று சந்தேகமாகக் கேட்டார்:

"நான்தான் லைன்ல இல்லியே, யாரும்மா கையெழுத்து போட்டு வாங்கனது?"

"நான்தாங்க" என்றேன். "இனிமே இங்க உக்காந்துகினு இருக்காதீங்க. எப்ப வந்தாலும் நானே வாங்கி வெக்கிறேன்."

"கடை பூட்டியிருந்தா?"

"பூட்டியிருந்தாலும்."

இதைச் சொன்னதும் நம்பிவிட்டார்.