முதுகில் விழுந்த காகித உருண்டை

எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்குத் துருவி என்றே பெயர். அச்சகத்தில் தாள் மடிக்கும் வேலைக்குக் கிளம்பிய அன்று, மாமியார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, இவள் ரெண்டு மாசம் தாங்கினால் அதிசயம் என்றார். துருவிக்குச் சுருக்கென்றது. தாங்கிக் காட்டுகிறேன் என்று கறுவிக்கொண்டுதான் படியிறங்கினாள்.

மடிப்பு வேலை பிடித்துவிட்டது. பிடிக்காதது ஒன்றே ஒன்று, கட்டிங் மாஸ்டர். தாள் வெட்டும் இயந்திரத்தில் நிற்கிற அந்த மனிதர், அவளை அழைக்க வேண்டுமானால் ஓரத்தாளைக் கசக்கி முதுகில் எறிவார். திரும்பினால் தாடையால் ஒரு சைகை, வெட்டிய தாளை வந்து எடு என்று. நாயைக்கூட ‘வா’ என்றுதானே கூப்பிடுகிறோம்! சுற்றியிருப்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். கணவனிடம் சொன்னால், அப்படியானால் நின்றுவிடு என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். நின்றால் மாமியார் வாக்கு பலித்துவிடுமே!

கோபம் ஒரு பக்கம் கொதிக்க, பிறவிக் குணம் இன்னொரு பக்கம் தலைதூக்கியது. ஏன் என்னை மட்டும்? அந்த இரைச்சலில் வாயால் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. அப்படியென்றால் மற்றவர்களை எப்படி அழைக்கிறார்? மடித்தபடியே ஓரக்கண்ணால் நோட்டம் விட்டாள்.

மாஸ்டர் அவ்வப்போது ஸ்பேனரால் இரும்புத் தூணில் தட்டுவார். ஏதோ பழுதுபார்க்கிறார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கவனித்தால், ஒரு தட்டுக்குப் பசை தடவுகிற அக்கா எழுந்து போகிறாள். விட்டு விட்டு இரண்டு தட்டினால் புத்தகம் தைக்கிறவர் போகிறார். படபடவென்று தட்டினால் கட்டுத் தூக்குகிறவர் ஓடுகிறார். அடடே, ஆளுக்கொரு தட்டு! அவளுக்கு மட்டும் கிடையாது.

சாப்பாட்டு நேரத்தில் பசை அக்காவைப் பிடித்துக்கொண்டாள். விட்டால்தானே! அக்கா மென்று விழுங்கினாள்.

“யாருக்கு எந்தத் தட்டுன்னு மாஸ்டர்தான் வைப்பாரு. உன் இடத்துக்கு வந்தவங்க யாருமே நிக்கல. போகப்போறவளுக்கு எதுக்குன்னு விட்டுட்டாரு.”

இங்கேயும் ஒரு மாமியாரா என்று துருவிக்குத் தோன்றியது. டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

மதியம் முதுகில் உருண்டை விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே போய் மாஸ்டர் மேசைமேல் வைத்தாள். அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

“எதுக்கு மாஸ்டர் எறியறீங்க?” உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள்போலத்தான் கேட்டாள்.

அவர் மற்றவர்களைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. “நீ இருப்பியோ மாட்டியோன்னு...” என்று இழுத்தார்.

“போயிடுவேன்னு நெனச்சது உங்க கணக்கு. அதுக்கு என் முதுகுதான் கெடச்சுதா? இன்னொரு தடவ எறிஞ்சா முதலாளிகிட்ட போவேன். வேலைய விட்டு மட்டும் போகமாட்டேன்.”

ஸ்பேனரை எடுத்துத் தூணில் தட்டினாள். டங்... டங் டங்.

“இது என்னோடது.”

மறுநாள் காலை, குனிந்து மடித்துக்கொண்டிருந்தபோது இரைச்சலுக்கு நடுவே கேட்டது. டங்... டங் டங். பசை அக்கா முழங்கையால் இடித்தாள். துருவி அசையவில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும்போல இருந்தது.

மறுபடியும் தட்டினார்.

மடிப்பை நன்றாக அழுத்தி வைத்துவிட்டு, அவள் எழுந்தாள்.