கையெழுத்திடாத மஞ்சள் தாள்

என் மிளகுக் கிடங்கின் பரணிலிருந்து இன்று காலை ஒரு கறுப்புத் தோல்பையை இறக்கினேன். பெட்டிபோல நிமிர்ந்து நிற்கும் பை. மேலே இரண்டு பக்கமாக விரியும். பல வருடங்களுக்கு முன்னால் அதைத் தராசில் வைத்தே பார்த்திருக்கிறேன், பதினெட்டுக் கிலோ காட்டியது. வியாபாரி புத்தி, என்ன செய்வது. உள்ளே வளையம் போட்ட மூன்று தடித்த கோப்புகள். அதில் ஒன்றில், நூற்றுக்கணக்கான வெள்ளைத் தாள்களுக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் தாள் இருக்கிறது. அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் பையைப் பரணில் ஏற்றினேன். ஆனால் மழைக்காலத்தில் வாசலூர்பட்டி ஏரிப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிவந்து கிடங்கு வாசலை மூடும்போதெல்லாம் என் கண் பரணுக்குத்தான் போகும்.

அது என் மச்சானுடைய பை. அக்காவின் கணவர், விமானி. கொல்லிமலையில் மிளகும் கடுக்காயும் வாங்கி அடிவாரத்துக் கடையில் விற்கிற ராவுத்தர் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டு மாப்பிள்ளை வளைகுடா நாட்டுக் கம்பெனி ஒன்றுக்குச் சரக்கு விமானம் ஓட்டுகிறார் என்பதை நான் லாரிக்காரர்களிடம்கூடச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன். அவரும் சரக்கு வண்டி டிரைவர்தானே என்று அவர்கள் என்னைக் கிண்டல் செய்வார்கள். விடுமுறைக்கு வந்தால் மச்சான் அடிவாரத்து வீட்டில் தங்கமாட்டார். எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, மலைமேல் கிடங்கை ஒட்டியிருந்த இரண்டு அறைகளுக்கு வந்துவிடுவார். அங்கேதான் காது அடங்குகிறது என்பார். கூடவே அந்தப் பையும் வரும்.

தொண்ணூற்றேழில் தொடங்கிய வழக்கம் அது. விமானம் எப்படி ஏற வேண்டும், எந்த ஊரில் எந்த வழியாக இறங்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கோப்புகளில் இருந்தது. வழி மாறினால் கம்பெனி புதுத் தாள்களை உறையில் போட்டு என் கடை முகவரிக்கு அனுப்பும். பழையதை உருவிவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். ஒருவர் செய்தால் தப்பு வரும் என்று மச்சான் இருவர் வேலையாக வைத்திருந்தார். கிடங்குத் தரையில் சுத்தமான படுதாவை விரித்து எதிரெதிரே உட்காருவோம். நான் பட்டியலைப் பார்த்துப் பகுதி எண்ணையும் பக்க எண்ணையும் கூப்பிடுவேன். “மூணு, பதினேழு, எடுங்க.” “எடுத்தாச்சு.” “புதுசு, வைங்க.” “வெச்சாச்சு.” உருவிய தாளை அந்த இடத்திலேயே குறுக்கே கிழித்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். சின்னப் பிள்ளையாக இருந்த என் மருமகள், மச்சானின் ஒரே மகள், அந்தக் கிழிசல்களை வாரித் தலைமேல் போட்டுக்கொண்டு ஆடுவாள். எல்லாம் முடிந்ததும் அவரே அடிக்கோல் வைத்துக் கோடுபோட்ட ஒரு தாளில் தேதி எழுதி, வைத்தவர் அவர், கூப்பிட்டவன் நான் என்று இருவரும் கையெழுத்துப் போடுவோம். பத்தாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு அந்தக் கையெழுத்தில் இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

எப்போதாவது மஞ்சள் தாள் ஒன்று வரும். அது அவசரத் தாள். வெள்ளைத் தாள் அதன் முறைப்படி அச்சாகி வரும்வரை பொறுக்க முடியாத செய்தி அதில் இருக்கும். பழைய பக்கத்துக்கு நேர் எதிரே அதைச் செருகி வைக்க வேண்டும். ஒருநாள் மலையிலேயே இருக்கிற பெரக்கரை நாட்டிலிருந்து மிளகு மூட்டையோடு வந்த விவசாயி ஒருவர் எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஏனுங்க, அந்தப் பேப்பர்ல அப்படி என்னதானுங்க இருக்குது?”

“வழிதானுங்க. மேல போற வழி, கீழ எறங்குற வழி” என்றார் மச்சான்.

“ஆகாசத்துல வழி மாறுமுங்களா?”

“மலை மாறாதுங்க. மலை மேல எவனாச்சும் ஒரு கம்பத்தை நட்டுப்போட்டுருவான்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தச் சட்டத்தை ஒருமுறை நான் மீறியிருக்கிறேன். வழுவழுப்பான நல்ல தாள். கிழித்து எறிய மனம் வரவில்லை. கிழித்ததுபோலப் பாவனை செய்துவிட்டு நாலைந்தை ஒளித்துவைத்து, வாங்க வருகிறவர்களுக்கு மிளகுச் சாம்பிள் காட்டப் பொட்டலம் கட்டிக்கொண்டேன். கடைப் பலகையில் ஒன்றை மச்சான் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. பொட்டலத்தைப் பிரித்து மிளகை என் உள்ளங்கையில் கொட்டினார். தாளை நீவிக் காட்டினார். “இது பழைய வழி மாப்ளே. பழைய வழி எவன் கையில கெடச்சாலும் வழியாட்டமேதான் தெரியும். அதான் கிழிக்கச் சொல்றேன்.” அதற்கப்புறம் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

இந்த வழக்கம் தொடங்கிப் பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு விடுமுறையில் பையோடு இன்னொன்றும் வந்தது. டேப்லெட் கம்ப்யூட்டர். இப்போதைய மெல்லிய வகை அல்ல. சப்பாத்திப் பலகை கனத்தில், குச்சிப் பேனாவால் தொட்டுத் தொட்டு நகர்த்துகிற பழைய வகை. மூன்று கோப்பும் அதற்குள் அடக்கம் என்றார். “இனி உனக்கு விடுதலை மாப்ளே. இதுவே இழுத்துக்கும், இதுவே மாத்திக்கும். கூப்பிட ஆளு வேண்டாம்.” நான் சிரித்துவைத்தேன். மனசுக்குள் சுருக்கென்று இருந்தது. ஒரு கருவிமீது பொறாமைப்பட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். பையை என்னிடமே விட்டுவிட்டுக் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: “ஆறு மாசத்துக்குத் தாளும் வந்துக்கிட்டிருக்கும். வெள்ளை வந்தா போட்டு வை. மஞ்சள் மட்டும் இன்னும் இதுக்குள்ள ஏறல. அது வந்தா எனக்குச் சொல்லிரு.” என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த விடுமுறை ஐப்பசி மழையில் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பே அடிவாரத்துக் கடைக்கு ஓர் உறை வந்திருந்தது. வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் செருகினேன். மலைக்குக் கொண்டுபோகவில்லை. யாருக்கு வேண்டும், அதுதான் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று ஒரு வீம்பு. கிளம்புகிற அன்று மச்சான் காரில் ஏறிவிட்டு, கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

“தபால் ஏதாச்சும் வந்துச்சா மாப்ளே?”

“ஒண்ணும் வரலீங்க மச்சான்.”

வாயில் சட்டென்று வந்துவிட்டது. வந்தது என்றால், ஏன் கொண்டுவரவில்லை என்ற கேள்வி வரும். அவ்வளவுதான் காரணம். கார் வளைவு வளைவாக இறங்கி, பனிக்குள் மறைந்து, ஹாரன் சத்தம் மட்டும் கீழே கீழே போயிற்று. அடிவாரத்தில் அது என் கடை வாசலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அலமாரிக்கும் சாலைக்கும் இருபதடி இருக்காது.

மறுநாள் கடையில் கை சும்மா இருந்தபோது உறையைப் பிரித்தேன். நாலைந்து வெள்ளைத் தாளுக்கு நடுவே மஞ்சள். பத்து வருடம் கூப்பிட்டவனுக்கு அதைப் படிக்கிற அளவுக்காவது இங்கிலீஷ் வந்திருந்தது. மலைகளுக்கு நடுவே இருக்கிற ஏதோ ஓர் ஊர். இறங்கும் வழியில் ஒரு குன்றின்மேல் புதுக் கோபுரம் எழும்பியிருக்கிறது. பழைய உயரத்தில் வரக் கூடாது, இன்னும் உயரமாக வர வேண்டும். மச்சானின் செல்லுக்கு இரண்டு தடவை அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். அந்த உறையின்மேலேயே கம்பெனி ஆபீஸ் எண் அச்சிட்டிருந்தது. அதற்கு நான் அடிக்கவில்லை. அடித்தால் எப்போது வந்தது என்று கேட்பார்கள். ஆபீஸில் யாராவது சொல்லாமலா இருப்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு மிளகு புடைக்க உட்கார்ந்தேன். அன்று முழுக்க எதை நிறுத்தாலும் நிறை தப்பியது. சாலையில் ஒரு வண்டி நின்றாலும் யாரோ சேதி கொண்டுவருகிறார்கள் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா அழைத்தாள். “உங்க மச்சான் பொழச்சது அல்லா புண்ணியம்டா” என்பதைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை, அவ்வளவு அழுகை. பிறகுதான் கோர்வையாகத் தெரிந்தது. காலை நேரம், மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். டேப்லெட்டில் பழைய உயரம். பக்கத்து இருக்கை விமானிக்கும் மஞ்சள் தாள் போயிருந்ததாம்; அவரும் புதுக் கருவி வந்த குஷியில் உறையைப் பிரிக்கவில்லை. விமானத்தின் எச்சரிக்கைக் குரல் கத்தியதும் மச்சான் மூக்கைத் தூக்கி மேலே ஏற்றியிருக்கிறார். மேகம் ஒரு கணம் விலகியபோது, கோபுரத்தின் சிவப்பு விளக்கு இறக்கைக்குப் பக்கத்தில் கடந்துபோனதாம்.

விசாரணையில் அவர் ஒரே வரிதான் சொன்னார்: தாளைப் பார்க்காமல் போனது என் தவறு. பெயரில் கறை விழுந்தது. ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். வந்த மறுநாளே மலையேறி, கிடங்குத் தரையில் படுதாவை அவரே விரித்து, பையைத் திறந்துவைத்து எதிரே உட்கார்ந்தார். “அந்தத் தாளை எடுத்துட்டு வா மாப்ளே. கம்பெனிக்காரன் அனுப்புன தேதியைச் சொல்லிட்டான். ஒன்னோட கடைக்கு வராம எங்க போயிருக்கும்?” கடையிலிருந்து கொண்டுவந்து கிடங்கு மூட்டைகளுக்கு அடியில் பதுக்கியிருந்த உறையை எடுத்துக் கொடுத்தேன். தபால் முத்திரையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “கூப்பிடு.” கூப்பிட்டேன். “நாலு, இருபத்தொண்ணு. மஞ்சள், வைங்க.” “வெச்சாச்சு.” உறையையும் அதன் பின்னாலேயே செருகினார். அந்தக் கோடுபோட்ட தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினார். “தேதியும் நீயே போடு.”

எந்தத் தேதி? அன்றைய தேதியைப் போட்டால் இரண்டாவது பொய். முத்திரைத் தேதியைப் போட்டால் என் கையாலேயே வாக்குமூலம். வாசலில் யாரோ மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. அதைச் சாக்கிட்டு எழுந்துபோனேன். திரும்பி வந்தபோது பை மூடியிருந்தது. அதற்கப்புறம் அவர் வாழ்ந்த காலமெல்லாம் என் கடையில் டீ குடித்தார், என்னைக் கேலி செய்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

போன வருடம் மச்சான் மௌத்தாகிவிட்டார். மருமகள் இப்போது விமானி. சாப்பாட்டுத் தட்டைவிட மெல்லிய ஒரு டேப்லெட்டோடு பறக்கிறாள். எந்த நிறத் தாளும் கிடையாது, எல்லாம் அதற்குள்ளேயே வந்து சேர்ந்துவிடும் என்கிறாள். “மாத்திட்டியா கண்ணு?” என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன், அவள் சிரிப்பாள். சென்ற வாரம் போனில் சொன்னாள்: “புதுசா வர்ற பசங்களுக்கு அத்தா கதையைத்தான் சொல்றேனுங்க மாமா. ஒரு தாளை அசட்டையா விட்டா என்ன ஆகும்னு. அந்தப் பை இருக்குதுங்களா? அவங்களுக்குக் காட்டோணும். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்.”

அசட்டை என்று சொன்னாள். தபால் வந்ததா என்று கண்ணாடியை இறக்கிக் கேட்ட மனிதரை.

இன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து பனி விலகவில்லை. படுதாவை விரித்து, கோப்பைத் திறந்து, கோடுபோட்ட தாளின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய கையெழுத்து, பக்கத்தில் இரண்டு கட்டம் காலி. உறையை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து முத்திரையைப் படித்தேன். அந்தத் தேதியையே எழுதினேன். கூப்பிட்டவன் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். கீழே ஏதோ ஒரு வளைவில் கார் ஹாரன் கேட்கிறது. அவள் வந்து பார்க்கட்டும் என்று கோப்பை அப்படியே திறந்து வைத்திருக்கிறேன்.