நாட்டில் ஓட்டில்லாதவர்கள் தோட்டத்தில் நடத்திய தேர்தல்

அறுபதுகளின் தொடக்கத்தில், கொழும்பு புறக்கோட்டையில் நான் வேலை பார்த்த கடையில் கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு மலையகத்துக் கொட்டகலைக்குப் புறப்பட்டேன். ஊர் சுற்ற அல்ல. அக்கா மாரியாயி ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "ஞாயித்துக்கெழம தலைவர் தேர்தல். நான் நிக்கிறேன். நீ வந்து பக்கத்துல நில்லு." பொம்பளை தலைவருக்கு நிற்பதா!

தோட்டத் தலைவர் என்றால் தொழிலாளர்களுக்காகத் தோட்டத்து நிர்வாகியான துரையிடம் பேச வேண்டிய சங்கத்து ஆள். அக்கா தோட்டத்துத் தலைவரோ, லயத்து வரிசை வீடுகளின் கூரை ஒழுகினாலும் சரி, பிரசவ லீவு என்றாலும் சரி, ஒரு சேவல் வந்தால்தான் வாயைத் திறப்பார். அக்கா கொடுக்க மாட்டேன் என்றாள். அடுத்த வாரமே பெரட்டில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், தலைவர் சொற்படி கணக்கப்பிள்ளை அவள் பேரை விட்டுவிட்டார். பேர் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் லயத்தில் குடியிருக்க ஒரு காம்பராவும் இல்லை. புருஷனை இழந்தவள், தோற்றால் பிள்ளைகளோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ரயிலில் மூன்றாம் வகுப்பில் போனேன். ஹட்டனில் கூட்டம் இறங்குகிறதே என்று நீங்களும் இறங்கிவிடாதீர்கள். சிங்கமலைச் சுரங்கம் தாண்டினால்தான் கொட்டகலை. அங்கிருந்து தோட்டம் மூன்று மைல், எல்லாம் ஏற்றம். கடைவீதியில் தேத்தண்ணி குடிக்கும்போது கடைக்கார நானா கேட்டார்: "மாரியாயி ஒங்கட அக்காவா? தலைவர் காலைல இங்க ஒக்காந்து சிரிச்சாரே! எல்லாரையும் கை தூக்கச் சொல்லுவாராம், எவ தூக்குறான்னு பாப்பாராம்."

அக்கா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். மறுநாள் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் அக்காவுக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று என இரண்டு கூடைகள். பொத்திய கையோடு ஒவ்வொருவராகப் போய், பிடித்தவர் கூடையில் ஒரு கொழுந்து போட வேண்டும். பாதிப்பேர் போட்டிருப்பார்கள், தலைவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"லீவு நாள்ல கம்பெனி கொழுந்த களவெடுத்திருக்கீங்க! தொரைகிட்ட சொன்னேன்னா எல்லாருக்கும் வேல போயிரும்!"

அட கடவுளே! அந்த ஆள் சொன்னது சட்டப்படி சரி. மலையில் புல்லுக்கா பஞ்சம், அதைப் போட்டிருக்கலாமே? பிறந்ததிலிருந்து கொழுந்தையே கிள்ளிய கைகளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கூட்டம் அப்படியே பின்வாங்கியது.

அக்கா இரண்டு கூடையையும் கவிழ்த்தாள். "ஒளிஞ்சு போட்டது போதும். நாட்டுல குடியுரிமையப் புடுங்கி ஓட்டு இல்லைன்னாங்க, வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம். இங்கயுமா? இவருக்குச் சேவல் குடுத்தவங்க எல்லாம் எம் பின்னால வந்து நில்லுங்க!"

யாரும் அசையவில்லை. பிறகு ராக்கு என்ற நிறைமாதப் பெண் நடந்து வந்தாள். "சேவல் மட்டுமா? முட்டையிடுற கோழியவுமுல்ல புடுங்கிக்கிட்டுப் போனாரு!" கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்தபடியே வந்து நின்றது. கடைசியில் தலைவர் பக்கம் அவர் மச்சான்மார் மட்டும்தான். எனக்கு வந்த சந்தோஷத்தில் விசிலே அடித்துவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கம்பளிச் சட்டையும் அட்டைக்கடிக்குச் சவர்க்காரமும் மறக்காதீர்கள். தோட்டத்துக்குள் சொந்தக்காரர் பேரைச் சொன்னால்தான் காவல்காரன் விடுவான். முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமையே ரயில் ஏறிவிடாதீர்கள். தேர்தலில் ஜெயிப்பது ஒன்று, திங்கட்கிழமை விடிவது வேறு.

திங்கள் காலையும் கணக்கப்பிள்ளை அக்கா பேரை விட்டுவிட்டே ஆரம்பித்தார். "ராக்கு!" பதில் இல்லை. அடுத்த பேருக்கும் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. பெரட்டுக் களம் முழுக்க ஆட்கள், ஒருவர் வாயும் திறக்கவில்லை.

"என்னடி, எல்லாருக்கும் காது செவிடா?" என்று கத்தினார்.

ராக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "காது நல்லாத்தான் கேக்குதுங்கய்யா. மாரியாயி பேரக் கூப்புடுங்க. எங்க பேரு அப்பறம்."

அவர் துரை பங்களாப் பக்கம் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"மாரியாயி."

"இருக்கேங்கய்யா!" என்றாள் அக்கா, பங்களா வரைக்கும் கேட்கும்படி.