பெட்டி மையில் எழுதிய எண்

இந்த மலையில் ஆனி, ஆடி மாதங்களில் சாக்பீஸால் எழுதினால் எதுவும் நிற்காது. காலையில் எழுதியதை மத்தியானத்துக்குள் மூடுபனி நனைத்து ஒழுக வைத்துவிடும். அதனால்தான் என் கணவர் எஸ்டேட் ஃபாக்டரியிலிருந்து அந்த மையைக் கொண்டுவந்தார். தேயிலைப் பெட்டிகளின் மேல் ரகத்தை அடிக்கிற கறுப்பு மை, ஒரு கொட்டாங்குச்சியில் பாதி. அவர் அதைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் எழுதியது நான்தான்.

அப்போது மகளுக்குப் பத்து மாதம். கணவர் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். கோபிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்திருந்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்தவள், வேலைக்குப் போகாதவள். எங்கள் குவார்ட்டர்ஸ் மேட்டில் தனியாக இருந்தது. பக்கத்து வீடு காலி. கீழே சரிவில், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். அவர் காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவார். குழந்தை தும்மினால் பயம். அதிக நேரம் தூங்கினாலும் பயம். மூக்கின் கீழ் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

எனக்குப் பேச்சுத் துணை என்று இருந்தவர் ஒருவர்தான். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொண்ட அக்கா. சிலோன் தோட்டம் ஒன்றிலிருந்து புருஷனும் பிள்ளைகளுமாகத் திரும்பி வந்தவர். காப்பகத்தைப் 'புள்ளக் காம்பரா' என்பார், லைன் வீடுகளை 'லயம்' என்பார். குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டுவதும் அவர்தான். சாயங்காலம் தாய்மார்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனதும் மேடேறி எங்கள் கேட்டுக்கு வருவார்.

"கிளாக்கரம்மா, புள்ளயத் தாங்க. நீங்க துணியப் பாருங்க."

மழைக்காலத்தில் குழந்தைத் துணி நான்கு நாளானாலும் காயாது. கரியடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துணியை விரித்து, கருகாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நான் திருப்புவேன், அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பேசுவார். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் நாள் முழுவதும் காத்திருந்தேன் என்பது அப்போது எனக்கே தெரியாது. ஊரிலிருந்து அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் குழந்தையை யார் தூக்கிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்பாள். லைன் என்று எழுதாமல், பக்கத்து வீட்டு அக்கா என்று எழுதுவேன்.

அந்த ஆனியில் டவுன் பஞ்சாயத்து கிளார்க் ஒருவர் வந்தார். வீடு வீடாகக் கணக்கெடுக்கப் படித்த ஆள் வேண்டுமாம். படிவத்தில் கூரை, தண்ணீர், கக்கூஸ் எல்லாம் இருந்தன. நடுவில் சாதிக்கு ஒரு கட்டம். பிரிவுக்கு ஓர் எண், ஒன்று முதல் நான்கு வரை; நான்கு தாழ்த்தப்பட்டவர்களுக்கு.

"இது எதுக்குங்க சார்? தண்ணிக்கும் இதுக்கும் என்னங்க?" என்றேன்.

"லைனுக்குப் பைப் கேட்டா, அங்க எந்த சனம் எத்தன ஊடுன்னுதானுங்க மேல கேக்கறாங்க. கட்டம் காலியா இருந்தா பைப்பும் காலி. ஊட்டு நம்பரக் கதவுல எழுதிருங்க, மறுக்கா வந்தா தேடக் கூடாது."

லைன் பெண்கள் ஓடைக்கு இறங்கிக் குடத்தோடு வழுக்கி ஏறுவதைத் தினமும் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒப்புக்கொண்டேன்.

முதல் நாளே படிவங்கள் நனைந்து எழுத்து கலங்கிவிட்டது. யார் எந்தப் பிரிவு என்பது மாறிப்போனால் ஒரு குடும்பத்துக்கு வரவேண்டியது என்னால் போய்விடுமே என்று இரவெல்லாம் தூக்கமில்லை. மறுநாள் எனக்கே ஒரு யோசனை வந்தது. கதவில் வீட்டு எண்ணை எழுதி, ஒரு கோடு போட்டு, பக்கத்தில் பிரிவின் எண்ணையும் சின்னதாக எழுதிவிட்டால் படிவம் அழிந்தாலும் கவலையில்லை. யாரும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுப் படிவத்தை நானே மேசையில் உட்கார்ந்து நிரப்பினேன். எங்கள் கதவில் வீட்டு எண் மட்டும் போட்டேன். எங்கள் பிரிவை நான் மறக்கப் போவதில்லை, அதனால்தான். அப்படித்தான் அன்று நினைத்தேன்.

அக்கா வீடு மேல் வரிசையில் கடைசி. மற்றதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னவர் அந்தக் கட்டம் வந்ததும் குனிந்து படிவத்தைப் பார்த்தார்.

"எழுதாட்டி என்னம்மா ஆகும்?"

"பைப் வராதுன்னு சொல்றாங்கக்கா."

"அங்க சிலோன் தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். கப்பல் எறங்கி இருந்த மண்டபம் கேம்ப்லயும் கேட்டு எழுதுனாங்க. இந்த லயத்துக்கு வந்துதான் யாருக்கும் தெரியாம இருக்கேன். என் கையால கஞ்சி குடிக்குதுங்க அந்தப் புள்ளைங்க."

"ஆபீசுக்கு மட்டுந்தானுங்கக்கா. இந்தத் தாளோட சரி."

சொன்னார். என் பேனா ஒரு கணம் நின்றது. நின்றதா? மை காய்ந்திருந்ததா? இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்பதும் தெரியாது. எழுதி முடித்து வெளியே வந்து, மற்றக் கதவுகளில் எழுதியதைப் போலவே அந்தக் கதவிலும் எண்ணை எழுதினேன், கோடு போட்டேன், பக்கத்தில் நான்கு என்று எழுதினேன். தாளோடு சரி என்று சொன்ன வாயின் ஈரம்கூடக் காயவில்லை. கை அதன் பாட்டுக்கு வேலையைச் செய்தது.

மூன்றாம் நாள், விட்டுப்போன வீடுகளுக்காக மறுபடி கீழ் வரிசைக்குப் போனபோது வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண் கேட்டாள். "ஏனுங்க கிளார்க்கம்மா, டீப்பெட்டிக்குப் போடற மாதிரி எங்க கதவுக்கும் கிரேடு போட்டுட்டீங்களாக்கும்? நாங்க எலையா, தூளா?"

பக்கத்து வாசலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "எங்கூட்டுக்கு ரெண்டு. அந்த அஞ்சாறு ஊட்டுக்கு நாலு. அவுங்க யாருன்னு எல்லாத்துக்கும் தெரியும். மேல கடசீ ஊட்டுக்கும் நாலுன்னு எங்க புள்ள படிச்சுட்டு வந்து சொல்றா. அப்படீங்களா?"

படிவங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு மேடேறினேன். அன்று சாயங்காலம் துணி கருகும் வரை கேட்டையே பார்த்திருந்தேன். அக்கா வரவில்லை.

மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்ணெண்ணெயும் கந்தலுமாகப் போனேன். மை பலகையின் ரேகைக்குள் இறங்கியிருந்தது. தேய்க்கத் தேய்க்க எண் மங்கியது, கூடவே கதவின் பழைய அழுக்கும் போய், அந்த இடம் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துவிட்டது. வரிசையில் அந்த ஒரு கதவு மட்டும் வெளுப்பு. எல்லாக் கதவுகளையும் தேய்த்திருக்க வேண்டும் என்பது அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அடுத்த கதவுக்குக் கந்தலை நனைக்கப் பாட்டிலில் எண்ணெய் இல்லை.

அக்கா காப்பகத்திலிருந்து வந்து பின்னால் நின்றிருந்தார்.

"விடுங்கம்மா. இன்னிக்கு ஏழு புள்ளைங்க வீட்டுச் சோறு கட்டிக்கிட்டு வந்துச்சுங்க. கஞ்சி பானையோட கிடக்கு."

"அக்கா, நான் வேணும்னு..."

"தெரியும்மா. நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். தாள்ல எழுதுனது தப்பில்ல. கதவுல ஏம்மா எழுதுனீங்க?"

மகள் அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் தன் இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, தூக்காமல் உள்ளே போய்விட்டார். என் குழந்தையைத் தூக்க அவரே தயங்கினார். இந்தத் தயக்கத்தை அவருக்குக் கொடுத்தது நான்.

இரவு கணவரிடம் சொன்னேன். "சரி உடு அம்மிணி, நாலு நாள்ல மறந்துருவாங்க," என்றார். யாரும் மறக்கவில்லை. அடுத்த மாதம் அக்கா காப்பக வேலையை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனார்.

மறு வருடம் பைப் வந்தது. பஞ்சாயத்து கிளார்க் வந்து சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்: "நீங்க ஒரு கட்டமும் உடாம எழுதுனதுனாலதானுங்க வந்துச்சு." ஒரு வீடு குறைந்திருந்தால் வந்திருக்காதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. ஆம் என்று சொல்லியிருந்தாலும் இல்லை என்று சொல்லியிருந்தாலும் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்? இப்போது ஓடைக்கு யாரும் இறங்குவதில்லை. குழாய் மேல் வரிசையின் தொடக்கத்தில் இருக்கிறது. என் ஜன்னலிலிருந்து தெரியும். அக்காவும் அங்கேதான் பிடிக்கிறார், எல்லோரும் பிடித்த பிறகு.

மகளுக்கு இப்போது நான்கு வயது. போன மாதம் பஞ்சாயத்தில் மறுபடி கணக்கெடுக்க ஆள் கேட்டார்கள். தெருவிளக்குக்காம். அந்தக் கட்டம் இந்தத் தடவையும் இருந்தது. வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு, வேறு யாரோ போய் அந்தக் கதவைத் தட்டுவார்கள் என்று தோன்றியது. அதனால் போனேன். சரியா தப்பா, தெரியவில்லை. மை எடுத்துப் போகவில்லை.

வெளுத்த இடத்தின் மேல் தகரத் துண்டு ஒன்றை ஆணியடித்திருந்தார்கள். அக்கா கதவைத் திறந்து நிலையிலேயே நின்றார். மகளைப் பார்த்து, "வளந்துருச்சே," என்றார். அவளுக்கு அவரை நினைவில்லை. என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

கூரை, தண்ணீர், கக்கூஸ். கட்டம் வந்ததும் நான் தலை நிமிரவில்லை.

"போன தடவ சொன்னதுதாம்மா. எழுதிக்கங்க."

எழுதியதை வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார்.

"கதவுல?"

"இல்லக்கா. கதவுல ஒண்ணும் இல்ல."

தலையை அசைத்தார். நான் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்து, பைக்கு மேல் ரப்பர் ஷீட்டைச் சுற்றும் வரை நின்றிருந்தார். உள்ளே கூப்பிடுவார் என்று கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றினேன். மூடுபனி உள்ளே வரத் தொடங்கியிருந்தது. "குளிருதும்மா, புள்ளயக் கூட்டிட்டுப் போங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.