கீசர் எரியும் அறையில் நான் அடைத்த துவாரம்

மண்ணூரில் அப்பா கட்டிய பழைய வீட்டில் ஏ.சி.யின் குளிர் தங்குவதே இல்லை. மின்சிக்கனம் பற்றி நான்கு புத்தகம் படித்த தைரியத்தில், தொழிற்சாலைகள் கழித்துப்போடும் தெர்மாகோலைக் காயலான் கடையில் வாங்கிவந்து வென்டிலேட்டர்களை எல்லாம் அடைத்தேன். வேகம் அடங்காமல் குளியலறைத் துவாரத்தையும் விடவில்லை. போன மாதம்தான் அங்கே, அதுவும் சிக்கனம் என்று, கேஸ் கீசர் மாட்டியிருந்தேன்.

மறுநாள் காலை என் மனைவி செல்வி குளிக்கப் போனாள். தண்ணீர் சத்தம் நிற்கவே இல்லை.

"தண்ணிய மூடு செல்வி, வீணாப் போவுது!"

பதில் வரவில்லை. கோபமாக்கும் என்று செய்தித்தாளைப் பிரித்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த மாடி வாடகைக்காரர் முருகன், தூத்துக்குடிக்காரர், வெளிச்சுவரில் அடைபட்ட துவாரத்தைப் பார்த்து, உள்ளே தண்ணீர் ஓடும் சத்தத்தையும் கேட்டு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, பாத்ரூம் ஓட்டையவா அடச்சிட்டிய? உள்ள கேஸ்லா எரியுது! கதவ ஒடைங்க!"

இருவரும் மோதியதில் தாழ்ப்பாள் பிய்ந்தது. செல்வி தரையில் சுருண்டு கிடந்தாள். போர்வையைச் சுற்றி வாசலுக்குத் தூக்கிவந்தேன். காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் கண் திறந்தவள் கேட்டாள்:

"இன்னாங்க, மூஞ்சி இப்டி வெளுத்துக் கீது? உங்களுக்கு இன்னா ஆச்சி?"

ஆஸ்பத்திரியில் டாக்டர், "காத்து போக வழியில்லாம கேஸ் எரிஞ்சா விஷவாயுதான். இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா…" என்று நிறுத்திவிட்டார். மீதியை நான் கேட்கவில்லை.

இப்போது கீசர் வெளிச்சுவரில் இருக்கிறது. துவாரங்களைத் திறந்துவிட்டேன். வெயிலுக்கு மொட்டைமாடியில் வெள்ளை அடித்தாயிற்று. செல்வி குளிக்கும்போது மட்டும் கதவருகே நின்று எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

"கம்முனு போய்யா, குளிக்க வுடு!" என்று அவள் திட்டினால்தான் அங்கிருந்து நகர்கிறேன்.