பி பிளாக்கை மூழ்கடித்த நீலம்

ஓய்வு பெற்ற பிறகு என் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை. நில அளவைத் துறையில் இருந்தவரை நான் கையெழுத்திடாமல் ஒரு கோப்பும் நகர்ந்ததில்லை. இப்போது கூரியர்காரர்கூட அலைபேசியில் விரலால் கீறச் சொல்கிறார். எனவே தாம்பரம் பக்கத்து எங்கள் குடியிருப்பில் நீர்வண்ண வகுப்பு தொடங்கியதும், முடிவில் ஆளுக்கொரு படம் பொது அரங்கில் மாட்டப்படும் என்றதும், முதல் ஆளாகச் சேர்ந்தேன். ஆர்வம் ஓவியத்தில் இல்லை, அதன் வலது கீழ் மூலையில் இருந்தது.

ஆசிரியை, நாவலூரில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்த பெண். வரைய வேண்டியது பின்பக்கத்து ஏரி. தாளின் நான்கு ஓரமும் டேப் ஒட்டி, அளவுகோல் வைத்துக் கரையைப் போட்டேன்.

"தென்னை மரத்தையெல்லாம் எண்ணிட்டு வந்தீங்களா சார்?"

"பதினேழு."

"இது ஏரி இல்ல சார், சர்வே ஸ்கெட்ச். ஏரியப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுதோ அதப் போடுங்க. பேப்பர நல்லா நனைச்சு நீலத்த விடுங்க, அதுவே ஓடும்."

"எதுவரைக்கும் ஓடலாம்?"

"அது உங்க இஷ்டம்."

"இஷ்டத்துக்கு ஒரு எல்லை வேணாமா மேடம்?"

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இப்படியே என் மூன்று படங்களைத் திருப்பிக் கொடுத்தார்.

கடைசி வகுப்பில் துணிந்து தாளை நனைத்தேன். நீலம் ஓடியது. அதற்கு எங்காவது எல்லை வேண்டுமே என்று, பழைய ஆவணத்தில் பார்த்த ஏரியின் எல்லைவரை தாளைச் சாய்த்தேன். நீலம் கரையைத் தாண்டி, பூங்காவைத் தாண்டி, எங்கள் பி பிளாக்கையும் தாண்டிப் போய் நின்று கறுத்தது. ஆசிரியை வெகுநேரம் பார்த்தார். "இத மாட்டலாம் சார்." கையெழுத்துப் போட்டேன்.

கண்காட்சியன்று காலை குடியிருப்போர் சங்கச் செயலாளர் பொது அரங்குக்கு வந்தார். பி பிளாக்கில் உள்ள தன் வீட்டை விற்க முயன்றுகொண்டிருப்பவர்.

"நம்ம பி பிளாக் எங்க சார்?"

"அங்கதான் இருக்கு. கீழ."

"எதுக்குக் கீழ?"

"தண்ணிக்கு."

"விளையாடாதீங்க. பத்து மணிக்குக் கீழ்க்கட்டளைலேர்ந்து வீடு பாக்க பார்ட்டி வருது. இதப் பாத்தா அப்படியே திரும்பிடுவாங்க. தண்ணியக் கொஞ்சம் கொறைங்க."

காய்ந்த நீலம் தாளைவிட்டு வராது என்று விளக்கினேன். அவர் கெட்டி வெள்ளைப் பெயிண்டும் பிரஷும் கொண்டுவந்தார்.

"மேல ஒரு பில்டிங் போட்டுடுங்க. உடனே மாட்டிடலாம்."

பிரஷை வாங்கினேன். தண்ணீரின் மேல் கட்டடம் இப்படித்தான் வரும். பணியில் பலமுறை பார்த்திருக்கிறேன். காகிதங்கள் எல்லாம் சரியாக இருக்கும். அடியில் யாராவது என்னைப் போன்றவர் கையெழுத்திட்டிருப்பார். சிலவற்றில் நானே.

பிரஷைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் படத்துக்கு அடித்திருந்த ஆணியில் செயலாளர் நிம்மதியாக ஒரு காலண்டரை மாட்டினார்.

வீட்டில் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு நீலத்தில் தேடினாள்.

"நம்ம வீடும் உள்ளயா?"

"ஆமா."

"நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா ஹால்ல வேணாம். நாளைக்கு நாமளும் விக்கணும்."

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். கதவைச் சாத்தினால்தான் தெரியும்.